ஆப்பு

இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே நீளப் படம்.
வெளிச்சப் பெட்டியில் செருகி
டாக்டர் நவ்ஷாத் ஸ்கேலை வைத்தார்.
இடுப்புப் பந்தில் தொடங்கிய கோடு
மூட்டின் நடுவே இறங்க வேண்டியது;
உள்ளோரம் ஒதுங்கி
காலைவிட்டே வெளியேறப் பார்த்து
கணுக்காலில் போய்ச் சேர்ந்தது.
"அலைன்மென்ட் போயிருக்கு."
சார், இருபத்து மூன்று வருஷமாய்
நான் மேலே எழுதி அனுப்பும் வார்த்தை அது.

ஹில்குரோவிலிருந்து ரன்னிமேடு வரை என் பீட்.
தோளில் சுத்தியல், ஸ்பேனர்,
கக்கத்தில் சுருட்டிய சிவப்புக் கொடி.
பன்னிரண்டரைக்கு ஒன்று ஏற்றம்.
ஈரக் கட்டைகள்மேல் வைத்த அடியெல்லாம்
இடது முட்டியின் உள்பக்கமே வாங்கியிருக்கிறது.
அங்கே குருத்தெலும்பு கரைந்து
எலும்பை எலும்பு உரச,
வெளிப்பக்கம் மட்டும்
சம்பளம் வாங்கி வேலை பார்க்காத ஆளைப்போல்
பளபளவென்று.

மூட்டை மாற்ற வேண்டாம், வயது நாற்பத்தாறுதான்,
சுமையை இடம் மாற்றுவோம் என்றார்.
கீழெலும்பின் தலைக்குச் சற்றுக் கீழே
உள்பக்கமிருந்து அறுப்பார்களாம்.
முழுக்க அல்ல.
வெளியோரம் ஒரு விரற்கடை விட்டுவிட்டு.
அந்த விரற்கடைதான் கதவின் கீல்.
மெல்லத் திறந்து
ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளி,
பிளேட்டு, எட்டுத் திருகாணி.

வீட்டில் சொன்னேன்:
எனக்கு ஆப்பு வைக்கப் போகிறார்கள்.
பிலோமினா சிரிக்கவில்லை.
"அதுக்கு ஆஸ்பத்திரி எதுக்கு?
நீங்களே வெச்சுக்குவீங்களே."

கையெழுத்துக்கு முன் இன்னொன்றும் சொன்னார்.
கீழெலும்பின் தலைக்கே ஒரு பின்சாய்வு உண்டு.
திறப்பு முன்பக்கம் கூடிவிட்டால் சாய்வும் கூடும்.
அப்போது எலும்பு முன்னால் வழுக்கப் பார்க்கும்,
உள்ளே சிலுவைபோல் குறுக்கிட்ட தசைநார் இழுபடும்.
படம் வரைந்து காட்ட வேண்டாம் சார்.
சாய்வில் இரும்பு வழுக்குமென்றுதானே
எங்கள் தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்திருக்கிறது.

முதுகில் ஊசி. இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
திரைக்கு அந்தப் பக்கம் ரம்பம் மட்டும்.

நாலு மாதம் என் பீட்டை குளோரியா நடந்தாள்,
தன்னுடையதையும் சேர்த்து.
ஐப்பசியில் இரண்டு இடத்தில் மண் சரிந்தது.
அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நான் திரும்பி வந்த அன்று பார்த்தேன்,
படியிறங்கும்போது
வலது முட்டியில் கை ஊன்றினாள்.

ரன்னிமேட்டு நாய்க்கு
என் காலடி நூறு கெஜத்தில் தெரியும்.
இப்போது குரைக்கிறது,
கிட்டே வந்து மோந்து பார்த்து
வாலாட்டலாமா என்று யோசிக்கிறது.

எலும்பு நிரம்பிவிட்டது என்கிறது புதிய படம்.
கோடு நடுவைத் தாண்டி
வெளிப்பக்கம், நூற்றில் அறுபத்திரண்டாம் இடத்தில்.
பளபளத்தவனுக்கு வேலை வந்துவிட்டது.
கூடவே மற்றவையும் அசைந்திருக்கின்றன:
சில்லு கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது,
இடதுகால் ஐந்து மில்லி நீளம்.
பனி இறங்கும் இரவில்
எட்டுத் திருகாணியையும் தனித்தனியே எண்ணலாம்.
ஞாயிறு பூசையில் எல்லோரும் மண்டியிட
நான் மட்டும் பெஞ்சில்,
மாதாவுக்கு நேர் எதிரே,
இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரிபோல.

பதினெட்டாம் மாதம் பிளேட்டைக் கழற்றியபோது
குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள்.
தேய்ந்த இடத்தில் வெள்ளையாய் ஏதோ வந்திருக்கிறதாம்.
பழைய குருத்தெலும்பு இல்லை.
அந்த வழவழப்பு இல்லை,
எத்தனை நாள் தாங்கும் தெரியாது,
நார்நாராய், மெல்லிசாய்.

சரிந்த மண்ணில் முதலில் வருமே புல்,
அந்த மாதிரியா என்று கேட்டேன்.

டாக்டர் சமவெளிக்காரர்.
கொஞ்சம் யோசித்துவிட்டு,
இருக்கலாம் என்றார்.